செல்லுக்குள் தெரியும் சூடு மெய்யா, உணரியின் மயக்கமா: அறிகுறிவழிப் பிழை நீக்கம்

ஒளிரும் சாயத்தையோ புரதத்தையோ பாலிமரையோ உயிருள்ள செல்லுக்குள் செலுத்தி, அது உமிழும் ஒளியைக் கொண்டு உள்வெப்பநிலையைப் படிக்க முயல்வோருக்காக இவ்வழிமுறை எழுதப்படுகிறது. நுண்ணோக்கியில் தென்படும் அறிகுறியே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடவும். பின்வரும் பகுதிகள் எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன.

மனித உடல் ஓய்வில் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. உடலிலுள்ள செல்கள் ஏறக்குறைய 30 லட்சம் கோடி. வகுத்தால் ஒரு செல்லின் பங்கு 3 பிகோவாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. தட்டில் வளரும் சுறுசுறுப்பான செல்லுக்குத் தாராளமாக 100 பிகோவாட் என்றே வைத்துக்கொள்வோம். 10 மைக்ரான் ஆரமுள்ள கோளம் ஒன்று நீரால் சூழப்பட்டிருக்கையில் எவ்வளவு சூடேறும் என்பதை அறிய, அந்த வெப்பத் திறனை 4 பை, நீரின் வெப்பக் கடத்துத்திறனான 0.6, செல்லின் ஆரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். விடை ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. செல் உண்டாக்கும் வெப்பம், சுற்றியுள்ள நீரில் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். அதே செல் தன் சூழலைவிட 1 டிகிரி அதிகமாக நிலைத்திருக்க வேண்டுமானால் ஏறக்குறைய 75 மைக்ரோவாட் உண்டாக்க வேண்டும். அதாவது ஒரு கிராமுக்கு 18 கிலோவாட். குளுக்கோஸை எரித்தால் ஒரு கிராமுக்குச் சுமார் 15.6 கிலோஜூல் கிடைக்கும் என்பதால், அந்தச் செல் ஒவ்வொரு விநாடியும் தன் எடைக்கும் சற்று மேலான குளுக்கோஸை எரித்துத் தீர்க்க வேண்டியிருக்கும். நீடித்த சூடு முடியாது, நொடிப்பொழுதுச் சூடாக இருக்கலாமே என்று கேட்பவருக்கும் விடை உண்டு. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. முழுவதும், செறிவு 5 மில்லிமோலார் என்று கொண்டால், ஒரே கணத்தில் உடைந்தாலும் செல் 0.06 டிகிரிதான் சூடேறும்.

ஆனால் வெளிவந்த அளவீடுகள் வேறு கதை சொல்கின்றன. 2012இல் கோகி ஒகாபேயும் சகாக்களும், பாலிமர் உணரியின் ஒளிர்வு ஆயுட்காலத்தை (தூண்டப்பட்ட மூலக்கூறு ஒளியை உமிழச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை) அளந்து, உட்கரு சைட்டோபிளாசத்தைவிட ஏறக்குறைய 1 டிகிரி சூடானது என்று அறிவித்தனர். 2018இல் பியர் ருஸ்தான் குழுவினர், மைட்டோகாண்ட்ரியா 50 டிகிரிக்கு அருகில் இயங்குகிறது என்று எழுதினர். இடையில் 2014இல் கியோம் பஃபூவும் சகாக்களும் மேற்சொன்ன வகைக் கணக்கைச் சற்றுத் தாராளமான எண்களோடு முன்வைத்து, அளவீட்டுக்கும் கணக்குக்கும் இடையே ஒரு லட்சம் மடங்கு இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டினர். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. இவ்வழிமுறையை எழுதுபவனின் சார்பு வெளிப்படையானது: ஒரே செல்லின் இரு பகுதிகளுக்கிடையே பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு தெரிந்தால், அது உணரியின் பிழை என்றே முதலில் கொள்ள வேண்டும். மெய்ச்சூடு என்று நிறுவும் பொறுப்பு அளப்பவருடையது.

மேடைக் கட்டுப்பாட்டுக் கருவி 37 காட்டுகிறது, உணரி 33 அல்லது 34 காட்டுகிறது

இது எல்லாவற்றிலும் எளிய கோளாறு, அடிக்கடி நேர்வதும் இதுவே. இங்கே உணரி பெரும்பாலும் உண்மையைச் சொல்கிறது. தவறு, செல் தட்டை வைத்துச் சூடாக்கும் நுண்ணோக்கி மேடையில் இருக்கிறது. எண்ணெயில் தோயும் அப்ஜெக்டிவ் லென்ஸ் என்பது குளிரூட்டிய அறையின் வெப்பநிலையில் நிற்கும் கனமான உலோகத் துண்டு. எண்ணெய்ப் படலத்தின் வழியாக அது, செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால், நீங்கள் பார்க்கும் அந்த ஓர் இடத்திலிருந்து மட்டும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவியின் உணர்முனை மேடையின் ஓரத்தில் இருப்பதால் இந்த இழப்பு அதற்குத் தெரிவதில்லை.

லென்ஸுக்கும் சூடேற்றும் வளையம் பொருத்தவும். பிறகு நுண்ணிய தெர்மோகப்பிள் ஒன்றின் முனையைத் தட்டுக்குள் இறக்கி, லென்ஸ் எண்ணெயைத் தொட்டிருக்கும் நிலையிலேயே, பார்வைப் புலத்தின் நடுவில் கவர்ஸ்லிப்பின் மேற்பரப்பைத் தொடுமாறு வைத்து அளக்கவும். கம்பியின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதுவே வெப்பத்தை வெளியே கடத்திப் பொய் சொல்லும். அங்கே 37 வரும்வரை வளையத்தின் அமைப்பை உயர்த்தவும். வளையத்தின் திரையில் 40 என்றோ 41 என்றோ எண் நிற்குமானால் கவலை வேண்டாம். இதன்பின் குறைந்தது ஒரு மணி நேரம் கருவி முழுவதும் சமநிலைக்கு வரக் காத்திருக்கவும். தட்டின் மூடியைத் திறந்து வைத்திருந்தால் ஆவியாதலால் ஊடகத்தின் மேற்பரப்பு குளிரும். மேடையின் நேர் மேலே குளிரூட்டியின் காற்று வீசுகிறதா என்பதையும் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

எதையும் செய்யாமலே வெப்பநிலை மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது

ரோடமின் பி போன்ற சாயங்களின் ஒளிர்வு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. ஆகவே ஒளியைக் குறைக்கும் எதுவும், அது எதனால் நேர்ந்தாலும், உங்கள் படத்தில் சூடாகவே மொழிபெயர்க்கப்படும். லேசரின் திறன் 2 சதவீதம் தளர்ந்தால் செல் 1 டிகிரி சூடேறியது போலத் தோன்றும். சாயம் ஒளிபட்டு வெளுத்தாலும், குவியம் அரை மைக்ரான் விலகினாலும், சாயம் செல்லிலிருந்து கசிந்தாலும் அதே தோற்றம்தான்.

பிரித்தறியும் வழி இது. படம் எடுக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, மற்ற எதையும் மாற்றாமல், அதே அளவு நேரம் பதிவு செய்யவும். ஏற்றம் எடுத்த படங்களின் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்தால் அது வெளுப்பு. கடிகார நேரத்தைப் பின்தொடர்ந்தால் கசிவு, குவிய விலகல், லேசர்த் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று. லேசரைச் சோதிக்க, வெளுக்காத ஒளிர் கண்ணாடித் துண்டு ஒன்றை அதே நேரம் படமெடுக்கலாம். குவியத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் அமைப்பு இல்லாத நுண்ணோக்கியில், மேடையின் வெப்பநிலையை மாற்றும் சோதனைகளைத் தொடங்காதிருப்பதே நல்லது. லென்ஸ் விரிவதால் மட்டுமே குவியம் நழுவிவிடும்.

ஒரே அலைநீளத்தின் ஒளிச்செறிவை மட்டும் நம்பிச் செல்லுக்குள் வெப்பநிலை அளப்பதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. வெப்பத்துக்கு இசையாத இன்னொரு சாயத்தைத் துணைக்கு வைத்து இரண்டின் விகிதத்தைப் பார்ப்பது ஒரு படி மேல். ஆனால் இரு சாயங்களும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஒரே உறுப்புகளில் தங்குவதுமில்லை. ரோடமின் பி நேர்மின்னூட்டம் உள்ளதாகையால் மைட்டோகாண்ட்ரியாவை நாடும். அதன் துணைச்சாயம் வேறிடம் நாடினால், விகிதப் படம் சாயங்களின் இருப்பிடப் படமாக ஆகிவிடும்.

உட்கரு சைட்டோபிளாசத்தைவிட ஒரு டிகிரி சூடாகத் தெரிகிறது

இந்த அறிகுறிக்கு அதிக நேரம் ஒதுக்கவும். படம் அழகாக இருக்கும், பல செல்களில் திரும்பத் திரும்ப வரும், புள்ளியியல் சோதனையிலும் தேறும். ஆனால் திரும்பத் திரும்ப வருவது அது வெப்பம் என்பதற்குச் சான்றாகாது. உட்கருவும் சைட்டோபிளாசமும் எல்லாச் செல்களிலும் ஒரே விதமாக வேறுபட்ட சூழல்கள். ஆகவே சூழலால் வரும் பிழையும் எல்லாச் செல்களிலும் ஒரே விதமாகவே வரும்.

ஒளிர்வு ஆயுட்காலம் சாயத்தின் செறிவைப் பொறுத்ததன்று என்பது உண்மை. அது வேறு எதையுமே பொறுத்ததன்று என்று பலர் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். ஒளிரும் மூலக்கூறு ஒளியை உமிழும் வேகம், சூழலின் ஒளிவிலகல் எண்ணின் இருமடிக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கிறது. உட்கருவின் ஒளிவிலகல் எண் சைட்டோபிளாசத்தினதைவிடச் சற்றுக் குறைவு. 1.37க்கும் 1.36க்கும் உள்ள சிறு வேறுபாடே உமிழும் வேகத்தை ஒன்றரை சதவீதம் மாற்றிவிடும். ஒரு டிகிரிக்கு 1 சதவீதம் மாறும் உணரியில் அது ஒன்றரை டிகிரியாகத் தோன்றும். அது சூடாகத் தோன்றுமா குளிராகத் தோன்றுமா என்பது, உங்கள் உணரியின் ஆயுட்காலம் வெப்பத்தால் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பொறுத்தது.

பாகுநிலையின் கதையும் இதுவே. மூலக்கூறின் ஒரு பகுதி சுழல்வதால் ஒளி அணையும் வகைச் சாயங்கள், உண்மையில் வெப்பநிலையை நேரடியாக உணர்வதில்லை. வெப்பத்தால் பாகுநிலை குறைவதையே உணர்கின்றன. நீரின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான் மாறுகிறது. ஆனால் செல்லுக்குள் புரத நெரிசலால் இடத்துக்கு இடம் வரும் வேறுபாடு அதைப்போல் பல மடங்கு. பச்சை ஒளிர்புரதத்தின் ஒளி முனைவாக்கத்தைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் முறைக்கும் இந்தக் குறை உண்டு, ஏனெனில் அதுவும் மூலக்கூறு புரளும் வேகத்தையே பார்க்கிறது. வெப்பத்தால் சுருங்கும் பாலிமர்களோ, எந்த வெப்பநிலையில் சுருங்குவது என்பதை உப்பின் செறிவைக் கொண்டும் அருகிலுள்ள புரதங்களைக் கொண்டும் மாற்றிக்கொள்கின்றன.

செய்ய வேண்டிய சோதனைகளுள் முதலாவது மிக மலிவானது. செல்லைப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, அதே உணரியால், அதே மேடையில், மீண்டும் படமெடுக்கவும். இறந்த செல் வெப்பம் உண்டாக்காது. அங்கும் உட்கரு ஒரு டிகிரி சூடாகவே தெரிந்தால், நீங்கள் பார்த்தது உட்கருவின் வேதியியலைத்தான். நிலைப்படுத்துவதே உணரியின் சூழலை மாற்றிவிடும் என்று ஆட்சேபிக்கலாம், நியாயமான ஆட்சேபம்தான். அப்படியானால் உயிருள்ள செல்லிலேயே, சோடியம் அசைடும் இரண்டு-டிஆக்ஸிகுளுக்கோஸும் சேர்த்து ஆற்றல் உற்பத்தியை முடக்கிப் பார்க்கவும். வளர்சிதைமாற்றம் அடங்கிய பின்னும் வேறுபாடு அடங்கவில்லை என்றால் அது வெப்பமன்று. இச்சோதனையில் வேறுபாடு மறைந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஏ.டி.பி. தீர்ந்த செல்லில் பிஹெச், அயனிகள், பாகுநிலை எல்லாமே மாறுகின்றன.

அடுத்ததாக ஒரு தர்க்கப் பொறியைச் சொல்ல வேண்டும். சூழல் வேறுபாட்டைத் திருத்துவதற்காக உட்கருவுக்குத் தனி அளவுத்திருத்த வளைவும் சைட்டோபிளாசத்துக்குத் தனி வளைவும் வரையலாம் என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, மூன்று வாரங்கள் அதிலேயே கழிந்தன. ஆனால் உயிருள்ள செல்லில் அவ்விரு வளைவுகளையும் வரையும்போது, மேடையின் வெப்பநிலையே இரு பகுதிகளின் வெப்பநிலையும் என்று நாம் ஏற்கனவே கொண்டுவிடுகிறோம். எந்த வேறுபாட்டைக் கண்டறிய வந்தோமோ அது இல்லை என்பதையே அடிப்படையாக வைத்துவிட்டுப் பிறகு அதைத் தேட முடியாது. இருவளைவு முறை, ஒரே பகுதியில் நேரத்தோடு வரும் மாற்றத்தை அளக்க உதவும். இரு பகுதிகளுக்கிடையே உள்ள நிலையான வேறுபாட்டை அளக்க உதவாது.

வேறு இயக்கமுறை கொண்ட இரண்டாவது உணரி கைக்குக் கிடைத்தால் அதையும் பயன்படுத்தவும். பாகுநிலையால் ஏமாறும் உணரியும் பிஹெச்சால் ஏமாறும் உணரியும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குச் சற்று மதிப்பு வருகிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சாயங்கள் ஒத்துப்போவது சாட்சியின் தம்பியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போன்றது.

எஃப்.சி.சி.பி. சேர்த்தவுடன் மைட்டோகாண்ட்ரியா கொதிக்கிறது

புரோட்டான்களை உட்சவ்வின் வழியே கசியவிடும் எஃப்.சி.சி.பி., ஆக்சிஜன் நுகர்வைக் கூட்டி, சேமிக்க வேண்டிய ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுகிறது. ஆகவே வெப்ப உணரிக்கு இதைவிட நல்ல நேர்ச்சோதனை இல்லை என்று தோன்றும். உண்மையில் இதைவிடக் குழப்பமான சோதனை கிடைப்பது கடினம், ஏனெனில் உணரியை ஏமாற்றக்கூடிய எல்லாவற்றையும் அது ஒரே நேரத்தில் மாற்றுகிறது.

முதலில் சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. நேர்மின்னூட்டச் சாயங்கள் அந்த மின்னழுத்தத்தால்தான் உள்ளே தேங்கியிருந்தன. அது போனதும் அவை வெளியேறத் தொடங்கும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சாயத்தைக் குறைவாக ஏற்றியிருந்தால் வெளியேற்றம் ஒளியைக் குறைத்துச் சூடாகக் காட்டும். அதிகமாக ஏற்றியிருந்தால், நெரிசலால் தம்மைத் தாமே அணைத்துக்கொண்டிருந்த மூலக்கூறுகள் விடுபட்டு ஒளி கூடும். அப்போது அதே மருந்து மைட்டோகாண்ட்ரியாவைக் குளிர்விப்பது போலத் தோன்றும். ஆகவே சாயத்தின் செறிவைப் பத்து மடங்கு குறைத்தும் கூட்டியும் சோதனையைத் திரும்பச் செய்யவும். வெப்பத்தின் திசை சாயத்தின் அளவைக் கேட்டு மாறாது. குறி மாறினால், அல்லது அளவு பெரிதாக மாறினால், சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது பிஹெச். மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் ஏறக்குறைய 8 ஆக இருக்கும் பிஹெச், சைட்டோபிளாசத்தின் அளவை நோக்கி இறங்கும். பச்சை ஒளிர்புரத உணரிகளில் ஒளிரும் பகுதி புரோட்டானை ஏற்பதும் இழப்பதும்தான் இரு தூண்டல் அலைநீளங்களுக்கிடையே விகிதத்தை நிர்ணயிக்கிறது. 2013இல் வெளிவந்த டிஎஸ்ஜிஎஃப்பி என்னும் உணரி, சால்மோனெல்லா பாக்டீரியாவின் டிஎல்பிஏ என்னும் புரதத்தைப் பச்சை ஒளிர்புரதத்தோடு இணைத்து, அப்புரதத்தின் சுருள்கள் சூட்டில் பிரிவதை விகித மாற்றமாகக் காட்டும் நயமான வடிவமைப்பு. ஆனாலும் இவ்வகை உணரி எதுவாயினும், உங்கள் செல்லில், உங்கள் மருந்தின் கீழ், பிஹெச் சோதனை செய்யாமல் நம்ப வேண்டாம். பொட்டாசியம் மிகுந்த கரைசலில் நைஜரிசின் சேர்த்து பிஹெச்சைப் பிடித்துவைத்து, 7.0 முதல் 8.0 வரை படிப்படியாக மாற்றி, மேடையை 37இல் நிறுத்தி, உணரி எத்தனை டிகிரி நகர்வதாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளவும். வெப்பத்துக்கு இசையாதவாறு மாற்றப்பட்ட புரதத்தை அதே இடத்தில் வெளிப்படுத்தும் ஒப்புச் சோதனை இதைவிடச் சிறந்தது, எஃப்.சி.சி.பி. அதையும் நகர்த்தினால் அந்த நகர்வு வெப்பத்தினுடையதன்று.

மூன்றாவது ஆக்சிஜன். நுகர்வு கூடுவதால் செல்லைச் சுற்றி ஆக்சிஜன் குறையும். ருத்தேனியக் கூட்டுச்சேர்மங்களின் ஒளியை ஆக்சிஜன் அணைக்கிறது. அது குறைந்தால் ஆயுட்காலம் நீளும், உணரி குளிர்ச்சி என்று சொல்லும். உள்ளே உண்மையில் சூடேறினாலும் இது அதை மறைத்துவிடும் என்பதால், இப்பிழை இரு பக்கமும் வெட்டும். கடைசியாக, மைட்டோகாண்ட்ரியா தன் வடிவத்தையே மாற்றி, துண்டாகி உருண்டையாவதால், படத்தில் நீங்கள் வரைந்திருந்த எல்லைக்குள் இப்போது வேறு ஏதோ இருக்கலாம்.

கணக்கையும் மறக்க வேண்டாம். செல்லின் முழு 100 பிகோவாட்டும், அரை மைக்ரான் ஆரமுள்ள ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாவதாக வைத்துக்கொண்டாலும் அது ஒரு லட்சத்தில் மூன்று பங்கு டிகிரிதான் சூடேறும். செல்லுக்குள் வெப்பக் கடத்துத்திறன் நீரினதைவிடக் குறைவு என்பதால் கணக்கு தவறலாம் என்ற வாதம் உண்டு. 2021இல் நானோ வைரங்களைக் கொண்டு செய்த அளவீடு ஒன்று, செல்லுக்குள் அது நீரினதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று கண்டது. அதை அப்படியே ஏற்றாலும் இடைவெளி ஆறு மடங்குதான் சுருங்கும்.

கரைசலில் வரைந்த வளைவு செல்லுக்குள் பொருந்தவில்லை

பொருந்தாமல் இருப்பதே இயல்பு. ஆயினும் வளைவே தவறாக வரையப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். ட்ரிஸ் தாங்கல் கரைசலில் வரைந்தீர்களா? அதன் பிஹெச் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.028 வீதம் இறங்குகிறது. 25இலிருந்து 37க்குச் சூடாக்கினால் மூன்றில் ஒரு பங்கு பிஹெச் அலகு நகர்ந்திருக்கும். உங்கள் வளைவு வெப்பத்தையும் பிஹெச்சையும் சேர்த்தே குடித்திருக்கும். ஹெப்பெஸ் என்னும் தாங்கல் இதில் பாதியளவு நகரும். ஃபாஸ்ஃபேட் கரைசலோ இதில் பத்தில் ஒரு பங்கே நகர்வதால், வளைவு வரைய அதுவே ஏற்றது.

செல்லுக்குள் வரைவதானால், மேடையின் வெப்பநிலையை ஏற்றியும் இறக்கியும் இரு திசைகளிலும் வரையவும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பாதையில் வராவிட்டால், சாயம் கசிகிறது அல்லது வெளுக்கிறது அல்லது செல் 42 டிகிரியைத் தாங்காமல் மாறிவிட்டது என்று பொருள். ஊடகத்திலுள்ள ஃபீனால் சிவப்பும் ரைபோஃபிளேவினும் பச்சைப் பகுதியில் பின்னொளியைச் சேர்க்கும். அவை இல்லாத ஊடகத்துக்கு மாறவும். செல்லின் சொந்த ஃபிளேவின்களை அப்படி நீக்க முடியாது என்பதால், உணரி ஏற்றாத செல்களைப் படமெடுத்து, அந்தத் தன்னொளிர்வை ஒவ்வொரு அலைவரிசையிலும் தனித்தனியே கழிக்கவும். மங்கலான செல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த வெப்பநிலையைக் காட்டினால், கழித்தல் சரியாக நடக்கவில்லை.

ஒளியைக் கூட்டினால் ஆயுட்காலம் குறைகிறது

இது மின்னணுக் கோளாறு. ஒற்றை ஃபோட்டான்களை எண்ணும் முறையில், ஒரு லேசர்த் துடிப்புக்கு முதலில் வரும் ஃபோட்டான் மட்டுமே பதிவாகிறது. ஒளி மிகுந்தால் பிந்தி வருபவை விடுபட்டு ஆயுட்காலம் குறுகித் தோன்றும். எண்ணும் வேகத்தைத் துடிப்பு வேகத்தில் சில சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் லேசரைத் தணிக்கவும். எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று: 80 மெகாஹெர்ட்ஸ் லேசரில் துடிப்புகளின் இடைவெளி 12.5 நானோவிநாடி. உணரியின் ஆயுட்காலம் 8 நானோவிநாடியானால், அடுத்த துடிப்பு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கவும்.

வெப்பநிலைப் படம் புள்ளி புள்ளியாக, சூடும் குளிரும் கலந்து தெரிகிறது

ஒவ்வொரு படப்புள்ளியிலும் எத்தனை ஃபோட்டான்கள் சேர்ந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஃபோட்டான் எண்ணிக்கையின் தவிர்க்க முடியாத சார்பிழை, அவ்வெண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் தலைகீழ். ஒரு டிகிரிக்கு 1 சதவீதம் மாறும் உணரியில் பத்தில் ஒரு டிகிரியைப் பிரித்தறிய ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டும். அதற்குப் பத்து லட்சம் ஃபோட்டான்கள் தேவை. இரு அலைவரிசைகளின் விகிதமானால் ஒவ்வொன்றிலும் இருபது லட்சம். ஒரு படப்புள்ளியில் ஐந்நூறு ஃபோட்டான்கள் வைத்துக்கொண்டு ‘சூடான புள்ளிகளை’ வட்டமிட்டுக் காட்டும் படங்களைப் பார்க்கையில், வானத்து மேகத்தில் யானையைப் பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. புள்ளிகளைப் பகுதியாகச் சேர்த்துச் சராசரி எடுக்கவும், அல்லது அதே இடத்தைத் தொடர்ந்து இருமுறை படமெடுத்துச் சூடான புள்ளிகள் அதே இடத்தில் நிற்கின்றனவா என்று ஒப்பிடவும்.

நானோ வைரமோ உலோகத் துகளோ வைத்தால் அளக்கத் தொடங்கியதும் சூடு தாவுகிறது

உங்கள் கருவியே சூடாக்குகிறது. நைட்ரஜன் இடைவெளி மையமுள்ள (படிகத்தில் ஒரு கார்பனின் இடத்தில் நைட்ரஜனும் அதன் அருகே ஒரு வெற்றிடமும் உள்ள) நானோ வைரத்தில் 2.87 கிகாஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு ஒரு டிகிரிக்கு 74 கிலோஹெர்ட்ஸ் வீதம் இறங்குகிறது. பிஹெச்சும் பாகுநிலையும் வைரத்தின் உள்ளே எட்டாதென்பதால் இது மற்றெல்லாவற்றையும்விடப் பாதுகாப்பான உணரி. ஆனால் அதைத் தூண்டும் நுண்ணலை, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. நீர் அதை உறிஞ்சும். நுண்ணலைத் திறனை மூன்று நான்கு படிகளாகக் குறைத்து அளந்து, திறன் சுழியாகும் இடத்துக்கு நேர்கோட்டை நீட்டி, அங்கே கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளவும். படிகத் தகைவு துகளுக்குத் துகள் வேறுபடுவதால் ஒவ்வொரு துகளையும் தனியே அளவுத்திருத்த வேண்டும். செல் விழுங்கிய துகள் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் அன்றி, எண்டோசோம் பைக்குள் கிடக்கும் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கவும்.

அகச்சிவப்பை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழும், எர்பியம் கலந்த மேல்மாற்றத் துகள்களுக்கு 980 நானோமீட்டர் லேசர் பயன்படுகிறது. நீர் அதையும் உறிஞ்சும். திறனைக் குறைத்துப் பார்க்கும் அதே சோதனை போதும். நியோடிமியம் சேர்த்து 808 நானோமீட்டரில் தூண்டும் துகள்களுக்கு மாறினால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

எல்லாச் சோதனைகளையும் கடந்தும் வேறுபாடு நிற்கிறது

இவ்வளவுக்கும் பிறகு நின்றால் அது கவனத்துக்குரியது. அப்போது கடைசியாக நேரத்தைக் கேட்கவும். நீரில் வெப்பம் 1 மைக்ரானைக் கடக்கச் சில மைக்ரோவிநாடிகளும், 10 மைக்ரானைக் கடக்க ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரமும் எடுத்துக்கொள்கிறது. நீர் நன்றாக உறிஞ்சும் 1480 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைச் செல்லின் அருகே குவித்து, ஓரிரு டிகிரி செயற்கையாகச் சூடாக்கி, சட்டென்று அணைக்கவும். உங்கள் உணரி எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பதிவு செய்யவும். இது மெய்யான வெப்பத்தின் கையெழுத்து. பிறகு செல் தானாக உண்டாக்கியதாகத் தோன்றும் சூடு எவ்வளவு நேரத்தில் எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அதனோடு ஒப்பிடவும். மருந்தைச் சேர்த்த பின் பத்து நிமிடங்களில் மெல்ல ஏறி, மருந்தைக் கழுவிய பின்னும் அரை மணி நேரம் தயங்கி நிற்கும் ‘சூடு’, அத்தனை நேரமும் செல்லுக்குள் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தால்தான் சாத்தியம். அந்த அடுப்புக்கு எவ்வளவு குளுக்கோஸ் வேண்டும் என்பது தொடக்கத்திலேயே கணக்கிடப்பட்டது.

முடிவை எழுதும்போது விகிதம் எத்தனை சதவீதம் மாறியது, ஆயுட்காலம் எத்தனை பிகோவிநாடி மாறியது என்ற மூல எண்களை முதலில் கொடுத்து, அதற்கு இணையான தோற்ற வெப்பநிலை என்று டிகிரியைப் பின்னால் குறிப்பிடவும். படத்தின் நிறப்பட்டையில் டிகிரிக்குப் பதிலாக அந்த மூல எண்ணையே அச்சிடவும்.